பால் பல்தானே, விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு நாலு வயது. கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்திருக்கிறது. "பால் பல்லுதானே, தானா விழுந்திரும்" என்கிறார்கள் அத்தை. விட்டுவிடலாமா?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: விடாதீர்கள் அம்மா. முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. ஆனால் பால் கடைவாய்ப் பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது, அதுவரை சோறு மெல்லவும் வேண்டும், அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும் வேண்டும். சீக்கிரமே பிடுங்கினால் பின்னால் உள்ள பல் சாய்ந்து வந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். சீழ் கட்டினால் அடியில் உருவாகிற பல்லின் எனாமலிலேயே குறை விழலாம்.

ஊசிக்கும் மெஷினுக்கும் பயந்து தள்ளிப்போட வேண்டாம். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், சொத்தையைச் சுரண்டாமலே மேலே எஃகுத் தொப்பி போட்டு மூடினார்; பின்னால் அதே நாட்டின் டண்டீ நகரில் ஆய்வு செய்து பார்த்தபோது அது வழக்கமான அடைப்பைவிட நன்றாகத் தாங்கியது. சில்வர் டையமின் ஃபுளோரைடு என்று தடவுகிற மருந்தும் இருக்கிறது, 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் சொத்தை பரவாமல் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். எது பொருந்தும் என்று பல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ராத்திரி கருப்பட்டிப் பால் குடித்தபடியே தூங்குகிறானா? முதலில் அதை நிறுத்துங்கள். அப்புறம், பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து, படுக்கும் முன் நீங்களே தேய்த்துவிடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈறோரம் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை அங்கேதான் தொடங்குகிறது.