எச்.ஐ.வி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், வைரல் லோடும் (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) டெஸ்ட்டில் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. ஆனாலும் மாதக்கணக்கில் கால் எலும்பு வலி. எதனால் இருக்கும்?

காரணம் பல இருக்கலாம். ஆனால் உங்கள் மாத்திரையில் டெனோஃபோவிர் என்ற மருந்து இருந்தால் (இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கும், மூன்று மருந்து சேர்ந்த டிஎல்டி மாத்திரையில் இருக்கிறது), எக்ஸ்ரேயோடு நிற்காமல் யூரினையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை, ஆந்திரா நகரியில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன்.

எங்கள் ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குக் கால் வலி சகஜம். தைலம் தேய்ப்பார்கள், அடங்காவிட்டால் புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். அப்படி எல்லாம் பார்த்துவிட்டுத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார் ஒருவர் (அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). யூரின் ஸ்ட்ரிப்பில் சர்க்கரைக் கட்டம் பழுப்பாகிவிட்டது, புரோட்டீன் கட்டத்திலும் பச்சை ஏறியிருந்தது. ரத்தத்திலோ சாப்பிட்ட பிறகும் சர்க்கரை 110தான். "எனக்குச் சுகரே கிடையாதே தம்பி, வேற யாரோடதாவது மாறிப்போச்சா?" என்றார். மறுபடி எடுத்தோம், அதேதான். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சில சுகர் மாத்திரைகள் சாப்பிட்டாலும் யூரினில் இப்படி வரும். அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். மற்றவர்கள் போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஏஆர்டி சென்டரில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) மாத்திரை வாங்குவதைச் சொன்னார். எலும்பு டாக்டரிடம் சொல்லவே இல்லையாம்.

விஷயம் இதுதான். சிறுநீரகம் வடிகட்டியதில் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் குழாய்களை டெனோஃபோவிர் அபூர்வமாகச் சிலருக்குக் கெடுக்கும். குளுக்கோஸ், பாஸ்பேட், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் யூரினில் ஒழுகும். ஃபான்கோனி சிண்ட்ரோம் என்பார்கள். பாஸ்பேட் தொடர்ந்து போனால் எலும்பு மெத்தென்றாகி வலிக்கும், மயிர்க்கோடு போல விரிசலும் விடும். ஆரம்பத்தில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்டான கிரியேட்டினின் நார்மலாகவே இருக்கலாம், ஏமாறுவது அங்கேதான். அதே டிஎல்டியில் உள்ள டொலுடெக்ராவிர் சிறுநீரகத்துக்குக் கெடுதல் எதுவும் செய்யாமலே கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும்! அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியவை: ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், பைகார்பனேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ், கூடவே யூரினில் சர்க்கரை, புரோட்டீன். பெரும்பாலும் சாதாரண டெஸ்ட்டுகள்தான். சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

சிடி4 எண்ணிக்கையையும் (எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ரத்த அணுக் கணக்கு) டாக்டரிடம் காட்டுங்கள். எந்த வியாதியைத் தேடுவது என்பதே அதைப் பொறுத்துத்தான். அது 100க்குக் கீழே இருந்து, தலைவலியும் விடாமல் இருந்தால் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் டெஸ்ட் (ஒரு பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலுக்கானது) அவசரம். கழுத்து விறைப்பு இல்லாமலும் அந்த மூளைக்காய்ச்சல் வரும். 50க்குக் கீழே இருந்து கண்ணில் பூச்சி பறப்பது போலத் தெரிந்தால் விழித்திரையைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வைரல் லோடு அடங்கியிருப்பதால் அந்தப் பக்கம் சந்தேகம் குறைவு, மாத்திரைப் பக்கம் அதிகம்.

யாரிடமும் சொல்லக் கூச்சம் என்றால் புரிகிறது, இரண்டு தெரு தள்ளினால் சொந்தக்காரர் இருக்கும் ஊர் எங்களுடையதும். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, சிகிச்சை பார்க்கிறவர்கள் உங்கள் விஷயத்தை அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வாயால் சொல்ல வரவில்லையா, டப்பாவை எடுத்து நீட்டுங்கள்.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் உறுதியானால் ஏஆர்டி சென்டரிலேயே டெனோஃபோவிர் இல்லாத கூட்டுக்கு மாற்றுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒழுகல் மெல்ல நின்றுவிடும். மாற்றுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெனோஃபோவிர் அதையும் அடக்கி வைத்திருக்கும், திடீரென்று எடுத்தால் கல்லீரல் பாதிக்கலாம்.