பிரசவமும் மனச்சோர்வும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. நான்கு வருடம் முன்பு மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு, குணமானதும் நிறுத்திவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி வருமா? மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை.

பதில்: அடுத்த முறை போகும்போது முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். ஆபத்துக் காரணிகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று, முன்பு மனச்சோர்வு வந்திருப்பது. அதுவும் முந்தைய பிரசவத்தை ஒட்டி வந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வந்தே தீரும் என்று பொருளில்லை. வந்தால் உடனே கண்டுபிடிக்க ஆள் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரசவம் ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 'பிரசவத்துக்குப் பிந்தையது' என்று பெயர் பெற்ற மனச்சோர்வில் ஏறக்குறைய பாதி, வயிற்றில் குழந்தை இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரையின் பெயர், அளவு, நிறுத்திய மாதம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இருதுருவ மனநோய் (அளவு கடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கே எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவு கடந்த உற்சாகத்தோடு நாட்கள் ஓடியதுண்டா? அதையும் மறைக்க வேண்டாம். இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது எதிர்த் துருவமான அந்த அளவு கடந்த உற்சாகத்துக்குத் தள்ளிவிடக்கூடும்.

தற்போது மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகள், கருவுக்கு ஆகாதோ என்று பயந்து தாங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. நோய் திரும்ப அதுவே வழிவிடும். மருந்துக்கு மருந்து விஷயம் மாறும்: இருதுருவ நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட்டைக் கருத்தரிக்கும் முன்பே மாற்றத் திட்டமிட வேண்டும், மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. அடிக்கடி அழுகிறாள், 'நான் நல்ல அம்மா இல்லை' என்கிறாள். பச்சை உடம்புக்காரி, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கும் அழுகை பல தாய்மார்களுக்கும் வருவதுதான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குவது அதற்கு ஒரு காரணம். ஆனால் அது இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் மகள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார்.

இத்தகைய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்றொரு கேள்வித்தாள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பொதுவாக 13-ம் அதற்கு மேலும் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. 10-லேயே உஷாராகும் மருத்துவர்களும் உண்டு. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதில் 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அசதியை வைத்து எடை போடாதீர்கள். கைக்குழந்தைக்காரிகள் எல்லோருக்கும் அசதி உண்டு. குழந்தை தூங்கும்போதும் மகளுக்குத் தூக்கம் வரவில்லையா என்று பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே போன்ற சோர்வு வரும்.

காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம், குழப்பமான பேச்சு, தூக்கமே இல்லாத படபடப்பு – இவை மனச்சோர்வு அல்ல, வேறு வகை மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். தாயைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு எந்த மனநோயும் வந்ததில்லை, வீட்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியும் வருமா?

பதில்: வரலாம். 'குறை இல்லை' என்பது உங்கள் கணக்கா, அவர் கணக்கா? எதிர்பாராத கர்ப்பம், முன்பு கலைந்த கரு, குறைமாதக் குழந்தை, கடன், கணவரின் அடி அல்லது வசவு எல்லாமே ஆபத்தைக் கூட்டுபவை. இவற்றில் சிலதை உங்கள் முன்னால் அவர் மருத்துவரிடம் சொல்லவே மாட்டார். எனவே ஒரு முறையாவது அவர் தனியாகப் பேச இடம் கொடுங்கள்.

வீடு நிறைய ஆட்கள் இருப்பது ஆதரவு ஆகிவிடாது. இரவு 2 மணிக்குக் குழந்தையை யார் தூக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. அவருக்குத் தொடர்ச்சியாக 4, 5 மணி நேரம் தூக்கம் கிடைக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். உங்களையும் கவனியுங்கள்: ஏறத்தாழ பத்தில் ஒரு தகப்பனுக்கும் இந்தச் சோர்வு வருகிறது.