ஓவன்ஸ் வென்றார், ஒஹாயோ வெல்லவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கத் தடகள வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1935, 1936 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் தடகளப் போட்டியில் நான்கு நான்கு பந்தயங்களில் முதலிடம் பெற்றார் என்றும், ஆனால் அவருடைய ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அணிப் பட்டம் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது எப்படி நேர்ந்தது? அந்தப் போட்டியில் இந்தியர் எவராவது வென்றிருக்கிறார்களா?

கடலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என்.சி.ஏ.ஏ. என்னும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு முதன்முதலாக நடத்திய தேசியப் போட்டியே இந்தத் திறந்தவெளித் தடகளப் போட்டிதான். 1921-இல் சிகாகோவில் நடந்த அதில் இல்லினாய் பல்கலைக்கழகம் அணிப் பட்டத்தை வென்றது. ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு மட்டுமல்லாமல் அடுத்தடுத்த இடங்களுக்கும் புள்ளிகள் உண்டு. ஒரு கல்லூரியின் வீரர்கள் எல்லாரும் ஈட்டும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே அணிப் பட்டத்தைத் தீர்மானிக்கும். இன்றைய முறையில் முதலிடத்துக்குப் பத்து, இரண்டாம் இடத்துக்கு எட்டு என இறங்கி எட்டாம் இடத்துக்கு ஒன்று. ஆகவே, ஒருவர் எத்தனை வேகமாக ஓடினாலும் ஒரு பந்தயத்தில் பத்துக்கு மேல் ஈட்ட முடியாது. அதே பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடிக்கும் இருவரை வைத்திருக்கும் கல்லூரி அவரை முந்திவிடும்.

ஓவன்ஸின் எதிரே நின்றது அத்தகைய கல்லூரி. டீன் குரோம்வெல் பயிற்றுவித்த தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1935 முதல் 1943 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் பட்டத்தை வென்றது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் என எல்லாப் பிரிவுகளிலும் அதற்கு ஆட்கள் இருந்தனர். ஒஹாயோவில் ஓவன்ஸுக்கு விளையாட்டு உதவித்தொகைகூடக் கிடையாது. கறுப்பினத்தவர் என்பதால் வளாக விடுதியிலும் இடமில்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மின்தூக்கி இயக்கிப் படித்தார். தன் மிகச் சிறந்த வீரரை இப்படி நடத்திய ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் கிடைக்காமல் போனதற்காக எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை.

ஆனால் ஆள்பலம் மட்டுமே வெல்லும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1933-இல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஐந்தே வீரர்களுடன் வந்து தென் கலிபோர்னியாவைத் தோற்கடித்தது. அந்த ஐவரில் ஒருவரான கிளென் ஹார்டின் பின்னர் 1936 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். இன்னொருவரான ஜாக் டாரன்ஸ் குண்டு எறிதலில் உலக சாதனை படைத்தார். ஓவன்ஸுக்கு இப்படிப்பட்ட நான்கு துணைவர்கள் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பிற்காலத்தில் திறமை பல கல்லூரிகளுக்குப் பரவியது. ஆண்கள் தடகளத்தில் ஒரு கல்லூரி 12.6 முழு உதவித்தொகைகளுக்கு மேல் வழங்கக் கூடாது என்று அண்மைக்காலம் வரை நிலவிய உச்சவரம்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். 1970-இல் பிரிகாம் யங், கான்சஸ், ஒரிகன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சமநிலையில் முடித்துப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 2013-இல் புளோரிடாவும் டெக்சஸ் ஏ அண்டு எம்மும் 53 புள்ளிகளுடன் சமமாக நின்றன. இன்றைய கணக்கில் நான்கு முதலிடங்களுக்கு 40 புள்ளிகள் என்பதை இதோடு ஒப்பிட்டால், ஓவன்ஸ் பிற்காலத்தில் ஓடியிருந்தால் ஏறத்தாழத் தனியாகவே பட்டத்தின் வாசல்வரை தன் கல்லூரியைக் கொண்டுசென்றிருப்பார் என்பது விளங்கும்.

இந்தியர்களும் வென்றிருக்கிறார்கள். மொஹிந்தர் சிங் கில் 1970, 1971 ஆண்டுகளில் மும்முறை தாண்டுதலிலும், வட கரோலினாவில் படித்த விகாஸ் கவுடா 2006-இல் வட்டெறிதலிலும் முதலிடம் பெற்றனர். டெல்லியில் வளர்ந்த தமிழரான தேஜஸ்வின் சங்கர், கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டுதலில் 2018-இல் 2.24 மீட்டரும் 2022-இல் 2.27 மீட்டரும் தாண்டி இருமுறை வென்றார். ஒவ்வொரு முறையும் அவர் தன் கல்லூரிக்கு ஈட்டித் தந்தது பத்துப் புள்ளிகள். அணிப் பட்டம் இரண்டு ஆண்டுகளிலும் வேறு கல்லூரிகளுக்கே சென்றது.