லேப்டாப் இல்லாத பயணத்தில் கேமரா படங்களை எதில் நகல் எடுப்பது?

தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், அப்படியே கோடியக்கரை என்று ஒரு வாரம் சுற்றப் போகிறேன், லேப்டாப் இல்லை, படங்களை எதில் சேமிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் ஓட்டு 1 டிபி எஸ்எஸ்டிக்குத்தான் (சுழலும் பாகம் எதுவும் இல்லாத, கையடக்கச் சேமிப்புக் கருவி). ஹார்ட் டிஸ்க் விலை குறைவு, ஆனால் உள்ளே தட்டு சுழல்கிறது. ஓடும் பஸ்ஸில் நகல் எடுக்க அது சரிப்படாது.

கார்டு ரீடரையும் எஸ்எஸ்டியையும் ஒரு யூஎஸ்பி-சி ஹப்பில் (ஒரே போர்ட்டில் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) செருகி, ஹப்பை ஆண்ட்ராய்டு போனில் மாட்டினால் ஃபைல் மேனேஜரிலேயே வேலை முடிந்துவிடும். சார்ஜரும் செருகக்கூடிய ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள், எஸ்எஸ்டி போன் சார்ஜைக் குடித்துவிடும். கிளம்பும் முன்பே எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்; விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை பல போன்களில் திறக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் எளிதில் கெடும், அதனால் ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே கழற்றுங்கள். அப்புறம் நாலைந்து படங்களை எஸ்எஸ்டியிலிருந்தே திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். அதுவரை கார்டில் கை வைக்க வேண்டாம்.

கிளவுடை (இணையச் சேமிப்பை) மட்டும் நம்பாதீர்கள். கோடியக்கரையில் பூநாரைகள் கண்ணில் பட்டால் ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் பெரிய ஃபைல்) படம் எடுத்துத் தள்ளுவீர்கள்; 50 ஜிபியை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேர்ந்தெடுத்த ஜேபெக் படங்களை மட்டும் இரவு லாட்ஜ் வைஃபையில் ஏற்றலாம்.

கார்டு சட்டைப்பையில், எஸ்எஸ்டி பெட்டியில். இரண்டையும் ஒரே கேமராப் பையில் போட்டால் நகல் எடுத்ததற்கே அர்த்தமில்லை.