செயின்ட் எக்கோஸ்: சிவப்பில் சிக்கும் அணி

ஒரே பாஸிடம் (பலம் வாய்ந்த முக்கிய எதிரியிடம்) ஐந்து முறை தோற்றதாகவும், ஒரு மணி நேரம் சிறு எதிரிகளை அடித்தும் பலம் கூடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மத்தியாஸ் லிண்டா உருவாக்கி 2022இல் வெளியான 'செயின்ட் எக்கோஸ்' (Chained Echoes) வீடியோ கேமில் அனுபவப் புள்ளிகளே கிடையாது. பாஸ்களை வெல்வது போன்றவற்றால் கிடைக்கும் கிரிமோயர் துண்டுகளைக் கொடுத்துத்தான் புதிய திறன்களைப் பெற வேண்டும் என்பதால், அந்த உழைப்பு பெரும்பாலும் வீண். பழைய ஜப்பானிய ஆட்டங்களில் ஊறிய நானும் அதே தவறைச் செய்தவன்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, சண்டையில் அணியின் நிலையை நிறங்களால் காட்டும் ஓவர்டிரைவ் பட்டையை. முள் பச்சையில் நிற்கும்வரை திறன்களுக்கான டிபி (திறன்களைப் பயன்படுத்தச் செலவாகும் புள்ளிகள்) செலவு பாதியாகி, வாங்கும் அடியும் குறையும். சிவப்புக்குப் போனாலோ அடி பலமாக விழும். பட்டையருகே தோன்றும் சின்னத்துக்குரிய வகைத் திறனைப் பயன்படுத்தினால் முள் பின்வாங்கும். அத்திறன் முன்வரிசை நால்வரிடம் இல்லையென்றால், பின்வரிசை ஆளை உள்ளே கொண்டுவாருங்கள். சண்டை முடிந்ததும் டிபி முழுதாக நிரம்பிவிடும். சேமித்து வைக்க வேண்டாம்.