தொடையிடுக்கில் இறங்கிய சினைப்பை: ஸ்கேன் கேள்வி-பதில்

கே: மூன்று மாதப் பெண் குழந்தைக்கு இடது தொடையிடுக்கில் உருண்டை. சினைப்பைதான் என்று ஸ்கேனில் எப்படி உறுதி செய்வது?

ப: முட்டை வடிவத் திடக்கட்டி, ஓரத்தை ஒட்டி இரண்டு முதல் ஐந்து மி.மீ. அளவில் கறுப்புக் குமிழ்கள். அவை ஃபாலிக்கிள்கள் (கருமுட்டை இருக்கும் நீர்ப்பைகள்), கைக்குழந்தைக்கும் அவை இயல்பே. 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட லீனியர் புரோப் (தோலில் வைக்கும் தட்டை முனை ஸ்கேன் கருவி) போதும். அடுத்து அடிவயிற்றைப் பாருங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க, இடது சினைப்பை தன் இடத்தில் இல்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது. கர்ப்பப்பையும் கூடவே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கே: நெறிக்கட்டியோடு குழம்பாமல் இருக்க?

ப: நெறிக்கட்டிக்கு நடுவில் வெள்ளையான ஹைலம் உண்டு, ரத்தக்குழாய் அதன் வழியே நுழையும். குடலென்றால் காற்றும் நெளிவும் தெரியும். வெறும் நீர் மட்டுமே என்றால் நக் கால்வாய் நீர்க்கட்டி, அதாவது பெண் குழந்தையின் தொடையிடுக்கில் மூடாமல் விட்ட வயிற்றுறைப் பையில் நீர் தேங்கியது.

கே: டாப்ளரில் (ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேன்) ரத்த ஓட்டம் இருக்கிறது. 'முறுக்கு இல்லை, பிறகு பார்க்கலாம்' என்று ரிப்போர்ட் எழுதலாமா?

ப: எழுதவே கூடாது. இந்த ஒரு வரியை நம்பிக் காத்திருந்து சினைப்பையை இழக்கும் குழந்தைகள் உண்டு. சினைப்பையின் காம்பு முறுக்கிக்கொள்ளும்போது அழுத்தம் குறைந்த சிரைகளும் நிணநாளங்களும்தான் முதலில் அடைபடும். தமனி சில மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். போதாக்குறைக்குச் சினைப்பைக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஆக, நிறம் தெரிவது பாதுகாப்புச் சான்று அல்ல. மறுபக்கத்தைவிடப் பெரிதாகியிருக்கிறதா, ஃபாலிக்கிள்கள் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருக்கின்றனவா, நடுப்பகுதி வெளுத்திருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். நிறமே தெரியாவிட்டால் செட்டிங்கையும் சந்தேகியுங்கள்: ஸ்கேல் (காட்டும் வேக வரம்பு) ஐந்து செ.மீ./வினாடிக்குக் கீழே, வால் ஃபில்டர் (மெதுவான அசைவை நீக்கும் வடிகட்டி) குறைந்தபட்சம், கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) நிறப் புள்ளிகள் தெறிக்கும்வரை ஏற்றிச் சற்றே இறக்குங்கள். அதே செட்டிங்கில் மறுபக்கச் சினைப்பையையும் பாருங்கள். புரோப்பை அழுத்தாதீர்கள், அழுத்தினாலே ஓட்டம் நின்றதுபோல் தெரியும். உள்ளே திரும்பாத சினைப்பை என்றால், வலி இல்லாவிட்டாலும் ரிப்போர்ட்டில் 'முறுக்கு அபாயம்' என்று எழுதி, அன்றே குழந்தை அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். வீக்கம் சிவந்து, குழந்தை அழுதுகொண்டே வாந்தியும் எடுத்தால் அது அவசர கேஸ்.

கே: படம் இணைத்துள்ளேன். சினைப்பையா, சொல்லுங்கள்.

ப: வயது இல்லை, எந்தப் பக்கம் என்று இல்லை, அளவுகோல்கூட வெட்டப்பட்டிருக்கிறது. ஒற்றைப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரு தொடையிடுக்கும் அடிவயிறும் தெரியும் வீடியோ வேண்டும்.

கே: புரோப்பை வைத்ததும் வீக்கம் மறைந்துவிட்டது.

ப: அழுத்தியிருக்கிறீர்கள். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். குழந்தை அழும்போது பாருங்கள், தானே வெளியே வரும்.

கே: இரு பக்கமும் திடக்கட்டிகள். ஃபாலிக்கிளும் இல்லை, கர்ப்பப்பையும் தெரியவில்லை.

ப: விரைகளாக இருக்கலாம். ஆண்ட்ரோஜன் உணர்வின்மையை (XY குரோமோசோம் இருந்தும் உடல் ஆண் ஹார்மோனுக்கு இணங்காததால் குழந்தை பெண்ணாகத் தோன்றும் நிலை) மனதில் வைத்து, அறுவைக்கு முன்பே குரோமோசோம் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். பெற்றோரிடம் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடாதீர்கள்.