அம்மா என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வீட்டில் ஒரே பிள்ளை. எனக்குப் 17 வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மாதான் தையல் வேலை செய்து என்னைப் படிப்பித்தார். வரும் தையில் கலியாணம். கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவும் சித்தியும் கன்னிகாதானம் செய்யட்டும், அம்மா மணவறைப் பக்கம் வருவது சரியில்லை என்று பெரியம்மா சொல்கிறார். அம்மா வாயே திறக்கவில்லை. அம்மாவே என்னைக் கொடுக்கக் கூடாதா?

பதில்: கொடுக்கலாம், தங்கச்சி. உங்கள் பெரியம்மாவிடமும் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

சாஸ்திரம் என்று யாராவது தொடங்கினால், யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய தர்ம நூலில் பெண்ணைக் கொடுக்க உரியவர்களின் வரிசையே இருக்கிறது: தந்தை, தந்தையின் தந்தை, பெண்ணின் சகோதரன், குலத்தார், தாய். தாய் கடைசியில்தான் வருகிறார், மறைக்கவில்லை, குலத்தார் என்ற முறையில் உங்கள் சித்தப்பா அந்த வரிசையில் முன்னால் நிற்பவர்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். தந்தை இல்லாத இடத்தில்தானே தாயின் முறை வருகிறது, அப்படியானால் அங்கே சொல்லப்பட்ட தாய் பெரும்பாலும் கணவனை இழந்தவளாகத்தான் இருப்பாள். கணவனை இழந்தவள் மணவறைக்கே வரக் கூடாது என்றால், அவளை அந்த வரிசையில் எதற்குச் சேர்க்க வேண்டும்?

நம் தமிழ்ப் பக்கம் இன்னும் தாராளம். தொல்காப்பியக் கற்பியல், 'கொடைக்குரி மரபினோர் கொடுப்ப' என்றுதான் சொல்கிறது. கொடுக்க உரிமையுள்ளவர்கள், அவ்வளவுதான், தந்தை என்று அடித்துச் சொல்லவில்லை. அடுத்த சூத்திரமே, உடன்போக்கில், அதாவது வீட்டுக்குத் தெரியாமல் காதலனோடு, போனவர்களுக்குக் கொடுப்பவர் இல்லாமலும் கரணம், அதாவது கலியாணச் சடங்கு, உண்டு என்கிறது. அகநானூற்று 86ஆம் பாட்டில் வரும் கலியாணத்தில் மணமகளை நீராட்டுவது மகனைப் பெற்ற நான்கு பெண்கள், கொடுப்பது 'தமர்', அதாவது சொந்தக்காரர். உங்களுக்கு அம்மாவை விடக் கிட்டிய தமர் யார்?

சரி, சித்தப்பாவை என்ன செய்வது? அவரைத் தள்ளி வைக்க வேண்டாம். அப்பாவின் சகோதரன், அவருக்கும் அண்ணன் இல்லாத துக்கம் இருக்கும், டிக்கெட் போட்டு வருகிறவர். கன்னிகாதானத்தில் இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, பழம், நாணயத்தோடு உங்கள் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைப்பவர் ஒருவர், செம்பிலிருந்து நீர் வார்ப்பவர் இன்னொருவர். வழக்கமாக அப்பா கையைப் பிடிப்பார், அம்மா நீர் வார்ப்பார். உங்கள் கலியாணத்தில் அம்மா கையைப் பிடிக்கட்டும், சித்தப்பா நீர் வார்க்கட்டும். மூன்று தலைமுறைப் பெயர் சொல்லும்போது அப்பாவின் பெயரும் அங்கே வரும், அவரும் இருப்பது போலத்தான்.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் அம்மாவின் மௌனத்தைப் பற்றித்தான். என் சொந்தத்தில் ஒரு கலியாணம், தாய் தூணுக்குப் பின்னால் நின்று தாலி கட்டுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தும் 'முன்னால் வாங்கோ' என்று கூப்பிடவில்லை, இன்றைக்கும் அது என்னை வதைக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை, தன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் வாயைக் கட்டியிருக்கும். சபையில் வைத்துக் கேட்காதீர்கள். இரவில் அவர் தையல் மெஷினை மூடிய பிறகு பக்கத்தில் இருந்து, 'அம்மா, நீங்கள்தான் என் கையைப் பிடித்துக் கொடுக்க வேணும்' என்று சொல்லுங்கள். மறுத்தால் ஒரு கிழமை விட்டு இன்னொரு தரம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், மணவறைக்குப் பக்கத்தில் முதல் கதிரை அவருக்குத்தான் என்று உறுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் ஐயர். நாள் நெருங்கும் வரை இழுக்காமல் இப்போதே மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். இவர் சம்மதிக்காவிட்டால் சம்மதிக்கும் இன்னொருவரைத் தேட அப்போது நேரம் இருக்கும். மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் இந்தக் கதையை எடுத்தால் சத்தம் போடுகிறவர்தான் வெல்வார். மாப்பிள்ளையின் அம்மாவிடம் மாப்பிள்ளையே பேசட்டும், அது அவருடைய வேலை.

கலியாணப் பதிவுக்குச் சிக்கல் இல்லை. பதிவின்போது பதிவாளருக்கு முன்னால் உங்கள் இருவரின் சம்மதமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஒரு சாட்சியாக அம்மா கையெழுத்து வைக்கட்டும்.

கூறைச்சேலை எடுக்கக் காலி வீதிக் கடைகளுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் ஒரு பட்டுச்சேலை எடுங்கள், நிறத்தை அவரே பார்த்து எடுக்கட்டும்.